கூடுதல் கரண்டி

எதிர்காலம் என்று பொருள்படும் ஊர் இது.
போர்வெனிர்.
ஜலசந்தியில் காற்று எழுந்துவிட்டால்
எதிர்காலத்துக்குப் படகு கிடையாது.
செம்மறி ஏற்றிய லாரிகள் துறையில் வரிசை கட்டும்.
ஓட்டுநர்கள் என்னைத் திட்டுவார்கள்,
காற்றை நான்தான் திறந்துவிட்டதுபோல.

அப்படியொரு நாளில்
பயணிகள் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது அந்தப் புத்தகம்.
அட்டை இல்லை. எழுதியவர் யாரோ.
பக்கத்துக்கு ஐந்தாறு பொன்மொழிகள்,
ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத
குடித்தனக்காரர்கள் மாதிரி.
முன்பு வைத்திருந்தவர்
பென்சிலால் அடிக்கோடு இட்டிருந்தார்,
தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.

எனக்கு அறிவுரை ஆகாது.
“புயலுக்கு நன்றி சொல்,
உன் வேர்களை அதுதான் உனக்குக் காட்டியது.”
இங்கே மரங்கள் படுத்துக்கொண்டே வளர்கின்றன, ஐயா.
வேரைக் காட்டிய மரத்தை நாங்கள் விறகாக்கிவிட்டோம்.
ஓரத்தில் அப்படியே எழுதி வைத்தேன்.

“கைக்கு அடங்குவதை மட்டும் சுமந்து செல்.”
என் கையுறைக்கு அடங்குவது பத்து விரல்.
அதில் இரண்டு மரத்துப்போய் எட்டு வருடம்.
அதையும் எழுதினேன்.

வம்புக்கு இழுத்தே நாற்பது பக்கம் வந்துவிட்டது.
சண்டை போடுவதற்கும்
கவனமாகத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.
ஒரு வரியை மறுக்க மூன்று தடவை படித்தேன்.
மூன்றாம் தடவை
நான் மறுக்க நினைத்ததை அது சொல்லவே இல்லை.

நாற்பத்தோராம் பக்கத்தில்
அடிக்கோடு விழாத ஒரு வரி.
ஆளில்லாத நிறுத்தத்தைப் பேருந்து தாண்டுவதுபோல
பென்சில்காரர் அதைத் தாண்டிப் போயிருந்தார்.

“மேசையில் ஒரு கரண்டி கூடுதலாக வை.”

அவ்வளவுதான்.
ஏன் என்று இல்லை. யாருக்கு என்றும் இல்லை.
என்ன எழுதலாம் என்று பென்சிலோடு காத்திருந்தேன்.
ஒரு கரண்டியோடு என்னவென்று சண்டை போடுவது?

அன்றிரவு வைத்தேன்.
என் கிண்ணம், என் கரண்டி,
எதிரே சும்மா ஒரு கரண்டி.
அண்ணன் குஸ்தோதியோ ஞாபகத்துக்கு வந்தான்.
அப்பாவின் படகை விற்ற காசில் முறிந்த பேச்சு;
ஒன்பது குளிர்காலம் ஆகிறது.
அவனுக்காக வைக்கவில்லை என்று
எனக்கே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

பதினேழு இரவு யாரும் வரவில்லை.
பாத்திரம் கழுவும்போது அதையும் கழுவினேன்,
கறையே இல்லாத கரண்டியை.
பைத்தியக்காரத்தனம்தான்.
ஆனால் அந்த நேரத்தில் மட்டும்
கை அவசரப்படவில்லை.

பதினெட்டாம் நாள் கேஸ் கசிந்தது.
எலிசேயோ வந்தான், முழங்கால் வரை சேறு.
குழாய் போய்விட்டது,
புதுசு சனிக்கிழமைப் படகில்தான் வரும் என்றான்,
காற்று விட்டால்.
விறகடுப்பில் ஆட்டெலும்பு கொதித்துக்கொண்டிருந்தது.
நான் உட்காரச் சொல்லவில்லை.
மேசையைப் பார்த்தான். கரண்டியைப் பார்த்தான்.
“யாராவது வருகிறார்களா?”
“வந்தாச்சு” என்றேன்.

இரண்டு கிண்ணம் குடித்தான். உப்பு குறைவு என்றான்.
போகும்போது வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டே
“அக்கரையில் உன் அண்ணன் வீட்டிலும்
போன மாதம் இதே வேலை.
கண்ணாடி போட்டிருக்கிறான் இப்போது, தடியாக.
ஒரு பக்கம் உடைந்து நூல் கட்டியிருக்கிறது.”

கதவைச் சாத்தின பிறகும்
அந்த நூல் என்ன நிறம் என்று கேட்காமல் விட்டது
உறுத்திக்கொண்டே இருந்தது.

புத்தகம் ஜன்னலோரம் கிடக்கிறது.
நாற்பத்தோராம் பக்கத்தைத் தாண்டவில்லை.
அந்த வரிக்குக் கோடு போட மனம் வரவில்லை.
கோடு போட்டால் பாடமாகிவிடும்.

சனிக்கிழமை காற்று ஓய்ந்தது.
படகு வந்தது, குழாயும் வந்தது,
எலிசேயோ அடுப்புக்கடியில் தலையை விட்டு
எதையோ திட்டிக்கொண்டிருந்தான்.
இழுப்பறையிலிருந்து இரண்டு கரண்டி எடுத்தேன்.
கொஞ்ச நேரம் நின்றேன்.
மூன்றாவதையும் எடுத்தேன்.